பின்வாசல் திறக்கும் தீநிரல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களுள் பல, கணினிக்குள் பின்வாசல் திறந்துவிடும் தீநிரல்களைப் பற்றியே கேட்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்று தொடர்வதால் அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

கேள்வி: என் ஆண்டிவைரஸ் ஒரு கோப்பைக் காட்டி, அதன் பெயருக்கு முன்னால் ‘பேக்டோர்’ என்று குறிப்பிட்டு, அதைத் தனிமைப்படுத்திவிட்டதாகச் சொன்னது. ஆனால் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். கோப்புகளைப் பூட்டுவதும் திரையில் மிரட்டல் காட்டுவதும் வேறு வகைத் தீநிரல்களின் வேலை. பின்வாசல் நிரலுக்கு உரிய வேலை ஒன்றுதான்: நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நுழையும் முன்வாசலைத் தொடாமல், வெளியே இருக்கும் ஒருவர் நினைத்தபோது உள்ளே வந்துபோக இன்னொரு வழியை ஏற்படுத்தி, அதைத் திறந்தே வைத்திருப்பது. அவ்வழியாக வருபவர் கோப்புகளை எடுக்கலாம், விசைப்பலகையில் நீங்கள் தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யலாம், கேமராவை இயக்கலாம், வேறு தீநிரல்களைக் கொண்டுவந்து இறக்கலாம், உங்கள் கணினியில் இருந்தபடியே பிறருடைய கணினியைத் தாக்கலாம். அவர் வரும்வரை நிரல் ஓசையின்றிக் காத்திருக்கும். கணினி தடுமாறினால் உரியவர் தேடத் தொடங்குவார் என்பது அதை எழுதியவருக்கு நன்றாகவே தெரியும்; ஆகவே தடுமாறாமல் பார்த்துக்கொள்வதும் அவருடைய வேலையின் ஒரு பகுதி.

1998 ஆகஸ்டில், லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், ‘கல்ட் ஆஃப் த டெட் கவ்’ என்ற ஹேக்கர் குழு ‘பேக் ஓரிஃபிஸ்’ என்ற நிரலை வெளியிட்டது. விண்டோஸ் 95, 98 கணினிகளில் அமர்ந்துகொண்டு, 31337 என்ற எண்ணுள்ள போர்ட்டில் (இணைப்புகள் வந்துபோகும் எண்ணிட்ட வாயிலில்) வெளியிலிருந்து வரும் கட்டளைக்காக அது காத்திருக்கும். அக்காலத்தில் கணினிகள் பெரும்பாலும் இணையத்தோடு நேரடியாக இணைந்திருந்ததால் இந்த முறை போதுமானதாக இருந்தது. இன்று ரூட்டரும், இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலும் வெளியிலிருந்து அழையாமல் வரும் இணைப்புகளைத் தடுத்துவிடுகின்றன. எனவே பின்வாசல் நிரல்கள் திசையை மாற்றிக்கொண்டுவிட்டன. உள்ளிருந்தபடியே, தாக்குபவர் கட்டளைகளை அனுப்பும் வெளிச் சேவையகத்தை அவை கூப்பிடுகின்றன, அதுவும் இணையதளங்களைத் திறக்கும்போது நாம் பயன்படுத்தும் அதே 443 போர்ட்டின் வழியாக, அதே மறையாக்கத்தோடு. ஃபயர்வாலின் பார்வையில் அது யாரோ ஓர் இணையப் பக்கத்தைப் படிப்பது போலத்தான் இருக்கும். ஃபயர்வால் இருக்கிறது, ஆகவே எவரும் நுழைய முடியாது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

உங்கள் நிலையில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கோப்பு எங்கே, எப்போது பிடிபட்டது என்பது. ஆண்டிவைரஸின் பாதுகாப்பு வரலாற்றுப் பகுதியில் கோப்பின் முழு முகவரியும் நேரமும் இருக்கும். பதிவிறக்கக் கோப்புறையில், நீங்கள் திறப்பதற்கு முன்பே பிடிபட்டிருந்தால், வந்தது வாசலிலேயே தடுக்கப்பட்டது என்று கொள்ளலாம். மாறாக, பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ போன்ற இடத்தில், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த நிலையில் பிடிபட்டிருந்தால், அது பல நாட்கள் அங்கே குடியிருந்திருக்கலாம். அப்படியானால் அந்த ஒரு கோப்பு போனதோடு விஷயம் முடியவில்லை; பின்னால் வரும் நீக்குமுறைப் பதில் உங்களுக்கும் உரியது.

கேள்வி: சந்தேகத்துக்குரிய தளங்களுக்கு நான் போவதே இல்லை. பிறகு எப்படி இது நுழைந்திருக்கும்?

பதில்: தவறான தளங்களுக்குப் போனால்தான் தீநிரல் வரும் என்ற எண்ணம் மிகப் பரவலானது, அந்த எண்ணமே பலரைக் கவனக்குறைவாக வைத்திருக்கிறது. பெரும்பாலான பின்வாசல்கள், பயனரே தம் கையால் திறந்து உள்ளே விட்டவை.

முதலில் மின்னஞ்சல் இணைப்புகள். 2014இல் வங்கிக் கணக்குகளைக் குறிவைக்கும், நல்லது போல வேடமிட்டு வரும் ட்ரோஜன் தீநிரலாகத் தோன்றி, பிற்காலத்தில் வேறு தீநிரல்களை உள்ளே இறக்கும் வாகனமாகவே மாறிவிட்ட ‘எமோட்டெட்’ பெரும்பாலும் வேர்டு கோப்புகளாகத்தான் வந்தது. கோப்பைத் திறந்ததும், உள்ளடக்கத்தைக் காண மேலே உள்ள பொத்தானை அழுத்தும்படி ஒரு வாசகம் இருக்கும். அழுத்தினால், கோப்புக்குள் பொதிந்திருக்கும் மேக்ரோ என்ற சிறு நிரல் ஓடும். மேக்ரோ ஓடினால் மற்றது தானாக நடக்கும். அதன் கொடுமை என்னவென்றால், தொற்றிய கணினியிலிருந்து பழைய மின்னஞ்சல் உரையாடல்களைத் திருடி, அவற்றுக்கு மறுமொழி போலவே தன் அஞ்சலை அனுப்பியது. பெறுபவருக்கோ, தெரிந்தவர், தெரிந்த விஷயத்தைப் பற்றி எழுதியதாகத்தான் தோன்றும். 2022இல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வந்த ஆஃபிஸ் கோப்புகளில் மேக்ரோவை இயல்பாகவே தடுக்கத் தொடங்கிய பின்பு இந்த வழி குறுகியது. உடனே தாக்குவோர், கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்புகள், வட்டுப் படிமக் கோப்புகள், குறுக்குவழிக் கோப்புகள் என்று வேறு உறைகளுக்கு மாறிக்கொண்டார்கள்.

இரண்டாவது, கிராக் செய்யப்பட்ட மென்பொருள். இதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். உரிமம் உடைக்கும் நிரலை இயக்கும் முன் ஆண்டிவைரஸை அணைத்துவிடுங்கள், அது தவறுதலாக எச்சரிக்கும் என்று அத்துடன் வரும் குறிப்பு சொல்லும். பயனரும் அணைத்துவிட்டு, நிர்வாகி உரிமையோடு அதை இயக்குவார். ஒரு தீநிரலுக்கு இதைவிடச் சாதகமான சூழல் கிடைக்காது: காவல் இல்லை, முழு அதிகாரமும் கையில் இருக்கிறது. அந்த மென்பொருள் சரியாக வேலை செய்வதால் ஐயமும் எழுவதில்லை.

மூன்றாவதாக, தேடுபொறியில் விளம்பரமாக மேலே வரும் போலிப் பதிவிறக்கப் பக்கங்கள் இருக்கின்றன. பலரும் அறிந்த ஓர் இலவச மென்பொருளின் பெயரைத் தேடினால், உண்மையான தளத்துக்கு மேலே, ஓரெழுத்து மட்டும் மாறிய முகவரியோடு ஒரு நகல் தளம் நிற்கும். அண்மைக் காலத்தில் இன்னொரு தந்திரம் பரவியிருக்கிறது. நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பெட்டியில் ஒட்டி, என்டர் தட்டுங்கள் என்று ஒரு பக்கம் கேட்கும். ஒட்டப்படுவது, அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த ஒரு கட்டளை. எந்த இணையதளமும் உங்களைச் சரிபார்ப்பதற்காக உங்கள் கணினியில் கட்டளை ஓட்டச் சொல்லாது. சொன்னால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

நீங்கள் எதையும் செய்யாமலே நுழையும் வகையும் உண்டு. 2017 ஏப்ரலில் ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற பெயரில் இயங்கியவர்கள் வெளியிட்ட கருவிகளுள் ‘டபுள்பல்சர்’ என்ற பின்வாசலும், விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தும் ‘எட்டர்னல்புளூ’வும் இருந்தன. மே 12 அன்று பரவிய ‘வான்னகிரை’ என்ற தீநிரல் இவ்விரண்டையும் கொண்டே கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தன. 2008 நவம்பரில் தோன்றிய, தானாகவே பரவும் ‘கான்ஃபிக்கர்’ புழுவின் கதையும் இதுவே; அதற்குரிய அப்டேட் முந்தைய மாதமே வந்துவிட்டது. அதன் பிந்தைய வடிவங்கள் பென்டிரைவ் வழியாகவும் பரவின.

தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை இணையத்துக்குத் திறந்துவைத்து, எளிய கடவுச்சொல் வைத்திருப்பவர்களின் கணினிக்குள் நுழையத் தாக்குவோருக்கு இவை எதுவும் தேவையில்லை. கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் 3389 என்ற போர்ட்டை இரவும் பகலும் தட்டிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய மென்பொருளிலேயே பின்வாசல் இருந்ததாகப் படித்தேன். அப்படியானால் அப்டேட்டுகளை நிறுத்திவிடுவது நல்லதா?

பதில்: படித்தது உண்மை, முடிவு தவறு.

2017 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ‘சிசிகிளீனர்’ மென்பொருளின் 5.33 பதிப்பு, அதன் சொந்தச் சேவையகத்திலிருந்தே, செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பத்துடன், பின்வாசல் கலந்து வெளிவந்தது, சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது நிறுவப்பட்டது. 2020இல் ‘சோலார்விண்ட்ஸ் ஓரியன்’ என்ற வலையமைப்பு மேலாண்மை மென்பொருளின் அப்டேட்டுகள் வழியாக ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களிடம் ‘சன்பர்ஸ்ட்’ என்ற பின்வாசல் போய்ச் சேர்ந்தது. நிறுவப்பட்டதும் அது உடனே செயல்படவில்லை. இரண்டு வாரம் வரை உறங்கியிருந்து, அதன் பிறகுதான் வெளியே கூப்பிட்டது. சோதனைக்கூடத்தில் சில நிமிடங்கள் ஓட்டிப் பார்ப்பவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அந்தத் தாமதம்.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. லினக்ஸ் அமைப்புகளில் பரவலாகப் பயன்படும் ‘எக்ஸ்இசட் யூட்டில்ஸ்’ என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ஈராண்டுக்கும் மேலாகப் பொறுமையாக உதவிகள் செய்து பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒரு கணக்கு பின்வாசலைப் புதைத்திருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, அந்த அரை நொடியை விடாமல் துருவியதால்தான் அது வெளிப்பட்டது. பெரும்பாலான நிலையான லினக்ஸ் பதிப்புகளுக்குள் அது செல்வதற்கு முன்பே தடுக்கப்பட்டது. அந்த அரை நொடியைப் பொருட்படுத்திய கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். இத்தகைய நிகழ்வுகள் அரிதானவை. பெரும்பாலும் குறிப்பிட்ட நிறுவனங்களைக் குறிவைத்தவை. சிசிகிளீனரிலேயே, அந்தப் பின்வாசல் வழியாக இறக்கப்படும் இரண்டாம் கட்டத் தீநிரல் மிகச் சில கணினிகளுக்கு மட்டுமே அனுப்பப்பட்டது. அப்டேட் செய்யாமல் விட்ட கணினிகளையோ எல்லாரும் எல்லா நாளும் தாக்குகிறார்கள். ஆகவே அப்டேட்டை நிறுத்தாதீர்கள். பயன்படுத்தாத மென்பொருள்களை நீக்குங்கள். கணினியில் நிரல்கள் எவ்வளவு குறைவோ, நீங்கள் நம்பியிருக்க வேண்டியவர்களும் அவ்வளவு குறைவு.

கேள்வி: மேக், லினக்ஸ் கணினிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது சரியா?

பதில்: சரியன்று. விண்டோஸைக் குறிவைப்பவை எண்ணிக்கையில் மிகுதி, அவ்வளவுதான். மேக் கணினிகளுக்குப் போலி மென்பொருள்கள் வழியாக வரும் பின்வாசல்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. லினக்ஸ் வலைச் சேவையகங்களில் ‘வெப் ஷெல்’ எனப்படும் சிறு கோப்பு ஒன்றை இணையதளக் கோப்புறைக்குள் போட்டுவைத்து, உலாவி வழியாகவே சேவையகத்தை ஆட்டிவைப்பது அன்றாடம் நடப்பது.

கேள்வி: என் கணினியில் பின்வாசல் இருக்கிறதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது? அண்மையில் கணினி மிகவும் மந்தமாகிவிட்டது.

பதில்: மந்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; நினைவகப் பற்றாக்குறையும் பழைய வட்டும்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். நன்றாக எழுதப்பட்ட பின்வாசல் வேகத்தைக் குறைப்பதே இல்லை. ஐயப்பட வேண்டியவை வேறு: ஆண்டிவைரஸ் தானாக அணைந்திருப்பது அல்லது திறக்க மறுப்பது, பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் இருப்பது (கான்ஃபிக்கர் இதைத்தான் செய்தது), நீங்கள் உருவாக்காத பயனர் கணக்கு, நீங்கள் பயன்படுத்தாத வேளையில் கேமரா விளக்கு எரிவது, நீங்கள் நுழையாத இடத்திலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைந்ததாக வரும் அறிவிப்பு. கேமரா பற்றிய அச்சம் கற்பனையன்று. 2009இல் டொராண்டோ ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய ‘கோஸ்ட்நெட்’ ஒற்றாடலில் 103 நாடுகளைச் சேர்ந்த 1,295 கணினிகள் சிக்கியிருந்தன. அதில் பயன்பட்ட ‘கோஸ்ட் ராட்’ என்ற நிரலால் கேமராவையும் மைக்கையும் தொலைவிலிருந்தே இயக்க முடிந்தது.

நேரடியாகப் பார்க்க விரும்பினால், மைக்ரோசாஃப்ட்டின் ‘சிஸ்இன்டர்னல்ஸ்’ தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு கருவிகள் போதும். ‘டிசிபிவியூ’ இப்போது எந்த நிரல் எந்த முகவரியோடு தொடர்பில் இருக்கிறது என்று காட்டும். உலாவியையும் மற்ற நிரல்களையும் மூடிவிட்டுச் சில நிமிடங்கள் அதைக் கவனியுங்கள். பெயர் தெரியாத ஒரு நிரல் சீரான இடைவெளியில் ஒரே முகவரியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஆட்டோரன்ஸ்’ கருவி, கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் அனைத்தையும் ஒரே இடத்தில் பட்டியலிடும். கணினி அணைந்து எழுந்த பிறகும் பின்வாசல் உயிரோடு இருக்க வேண்டுமானால் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் எங்காவது ஒட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் தெரிவை இயக்கிவிட்டால் பட்டியல் சுருங்கிவிடும்; வெளியிட்டவர் பெயரோ கையொப்பமோ சரியில்லாதவை இளஞ்சிவப்பில் தெரியும். ஒவ்வொரு பதிவையும், பல ஆண்டிவைரஸ்களைக் கொண்டு கோப்புகளைச் சோதிக்கும் ‘வைரஸ்டோட்டல்’ தளத்தோடு ஒப்பிடும் வசதியும் அதில் உண்டு.

பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்பது விண்டோஸின் உண்மையான அங்கம். அது பல பிரதிகளாக ஓடிக்கொண்டிருப்பதும் இயல்பே. ஆனால் அதன் கோப்பு விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘சிஸ்டம்32’ அல்லது ‘சிஸ்வாவ்64’ உள்ளேதான் இருக்கும். அதே பெயரில் ஒரு கோப்பு பயனர் கோப்புறையில் உட்கார்ந்திருந்தால் அது வேடதாரி. இளஞ்சிவப்பாகத் தெரியும் எல்லாமே தீயவை என்றும் எண்ணிவிடாதீர்கள். எளிய பழைய மென்பொருள்கள் பலவற்றுக்குக் கையொப்பம் இருக்காது. ஆட்டோரன்ஸ் பட்டியலில் ஐயம் உள்ளதன் முன்னால் இருக்கும் டிக் குறியை எடுத்துவிடுங்கள், உடனே அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: இருப்பது உறுதி என்றால், எந்த வரிசையில் நீக்க வேண்டும்?

பதில்: வரிசையைக் கேட்டதற்கு நன்றி. பலரும் வழிமுறைகளைத் தெரிந்துகொண்டு, வரிசையில் தவறிவிடுகிறார்கள்.

முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மறுமுனையில் இருப்பவர் ஒரு மனிதர் என்பதை மறக்கக்கூடாது. நீங்கள் தேடத் தொடங்கியது தெரிந்தால் அவர் இரண்டாவது பின்வாசலைப் போடலாம், தடயங்களை அழிக்கலாம். தொடர்பு அறுந்தால் நிரல் கணினியில் இருந்தாலும் அவருடைய கை உள்ளே வராது.

அடுத்து, அந்தக் கணினியை அப்படியே விட்டுவிட்டு, தொற்று இல்லாத வேறொரு கணினி அல்லது கைபேசியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்றக் கணக்குகளை மீட்கும் வழி அதன் வழியாகத்தான் செல்கிறது. பிறகு வங்கி, பிறகு மற்றவை. தொற்றிய கணினியில் அமர்ந்து மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் தட்டும்போதே போய்விடும். மாற்றியதோடு, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் தெரிவையும் அழுத்துங்கள். உலாவியில் சேமிக்கப்பட்ட நுழைவுக் குக்கீகளைத் திருடியவர், சில தளங்களில் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் கணக்கில் தொடர முடியும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கி, மின்னஞ்சலில் நீங்கள் அமைக்காத முன்னனுப்பு விதி (வரும் அஞ்சலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதன் பின்னரே கணினியைத் தொடுங்கள். ஆவணங்கள், படங்கள் போன்ற சொந்தக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நிறுவு நிரல்களையும் இயங்கும் கோப்புகளையும் எடுக்காதீர்கள். பிறகு, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் தெரிவுகளுள் இருக்கும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். சாதாரண ஸ்கேன், விண்டோஸ் இயங்கும்போது அதற்குள்ளேயே நடப்பது. இயங்குதளத்தின் அடியில் ஒளிந்துகொள்ளும் ரூட்கிட், தன் கோப்புகள் இல்லவே இல்லை என்று அப்போது பொய் சொல்ல முடியும். ஆஃப்லைன் ஸ்கேன் கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே வட்டைச் சோதிக்கும். சுமார் 15 நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்து, வேறொரு நிறுவனத்தின் ஸ்கேனரை நல்ல கணினியில் இறக்கி எடுத்துவந்து இரண்டாம் கருத்துக் கேளுங்கள்.

ஸ்கேனர் கோப்புகளைத்தான் பார்க்கும். தீநிரல் மாற்றிவைத்த அமைப்புகளை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். ஆண்டிவைரஸ் சோதிக்காமல் விடும் இடங்களின் விலக்குப் பட்டியலில் ஏதேனும் கோப்புறை புதிதாகச் சேர்ந்திருக்கிறதா, ஃபயர்வாலில் புதிய அனுமதி இருக்கிறதா, இணையத் தொடர்பை வேறிடத்துக்குத் திருப்பக்கூடிய ஹோஸ்ட்ஸ் கோப்பும் பிராக்ஸி அமைப்பும் மாறியிருக்கின்றனவா, நிரல்களைக் குறித்த வேளையில் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் அறியாத பணி இருக்கிறதா, உலாவியில் நீங்கள் சேர்க்காத நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறதா, நிர்வாகிகள் பட்டியலில் புதியவர் எவரேனும் இருக்கிறாரா என்று ஒன்றுவிடாமல் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தைத் தெளிவாகவே கூறிவிடுகிறேன். பின்வாசல் ஒருமுறை இயங்கியது உறுதியானால், இயங்குதளத்தை முழுமையாக அழித்து மீண்டும் நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். மற்றத் தீநிரல்களில், அது என்னென்ன செய்யும் என்பது நிரலிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே எதை நீக்க வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் வரையறுத்துவிடலாம். பின்வாசலிலோ, திறந்த வழியாக உள்ளே வந்தவர் என்னென்ன செய்தார் என்பது எந்த ஸ்கேனரின் பட்டியலிலும் இருக்காது. எனவே, நல்ல கணினி ஒன்றில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் கருவியைக் கொண்டு, குறைந்தது 8 ஜிபி கொண்ட பென்டிரைவில் நிறுவு வட்டை உருவாக்கி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, வட்டின் பழைய பகுப்புகள் (பார்ட்டிஷன்கள்) அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். ஒரு நாள் வேலைதான். நிறுவியதும் முதலில் எல்லா அப்டேட்டுகளையும் போட்டு, நகலெடுத்த ஆவணங்களை ஸ்கேன் செய்த பிறகே திரும்பக் கொண்டுவாருங்கள்.

மறுநிறுவலையும் தாண்டி நிற்பவை உண்டா என்றால், உண்டு. மதர்போர்டில் இருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் யூஇஎஃப்ஐ நிரலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும் ‘லோஜாக்ஸ்’ என்பதை 2018இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்தது. வட்டையே மாற்றினாலும் அது போகாது. ஆனால் அது குறிப்பிட்ட அமைப்புகளை இலக்காகக் கொண்ட ஒற்றாடலில் பயன்பட்டது. தனிநபர்கள் தயாரிப்பாளர் தரும் யூஇஎஃப்ஐ அப்டேட்டைப் போட்டு, நம்பகமற்ற தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை இயக்கி வைத்தால் போதும்.

கேள்வி: ஆண்டிவைரஸ் மூன்று முறை நீக்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் சில நாட்களில் திரும்பி வந்துவிடுகிறது. ஏன்?

பதில்: சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் கணினியில் இதே நிலையை நான் கையாண்டேன். ஸ்கேன் செய்தேன், நீக்கினேன், மீண்டும் ஸ்கேன் செய்தபோது ஒன்றும் இல்லை. சரியாகிவிட்டது என்று அவரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் அவர் அழைத்தார். போய்ப் பார்த்தபோது, டாஸ்க் ஷெட்யூலரில் ஏதோ அப்டேட் போலப் பெயர் சூட்டிய ஒரு பணி, பயனர் நுழையும் ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து அந்த நிரலைப் புதிதாக இறக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணி வெறும் ஒரு வரிக் கட்டளை. அதில் தீநிரல் கோப்பு எதுவும் இல்லாததால் ஸ்கேனருக்குப் பிடிக்க எதுவும் இருக்கவில்லை. என் சொல்லை நம்பி அந்த நான்கு நாட்களும் அவர் அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்திருக்கிறார். இழப்பு ஏதும் நேரவில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அன்றிலிருந்து, எப்படி நுழைந்தது என்று கண்டுபிடிக்காமல் எந்தக் கணினியையும் சுத்தமானது என்று நான் சொல்வதில்லை.

உங்களுக்கும் அதுவே நடந்துகொண்டிருக்கிறது என்று எண்ணுகிறேன்: பிடிபடுவது விளைவு, மூலம் வேறெங்கோ இருக்கிறது. டாஸ்க் ஷெட்யூலரிலும் ஆட்டோரன்ஸில் உள்ள டபிள்யூஎம்ஐ (விண்டோஸின் மேலாண்மை வசதி) பகுதியிலும் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், உலாவி ஒத்திசைவு தீய நீட்சியைத் திரும்பக் கொண்டுவருகிறதா, ஒவ்வொரு முறையும் அதே கிராக் மென்பொருளை மறுபடி நிறுவுகிறீர்களா, அதே பென்டிரைவ் தொடர்ந்து புழங்குகிறதா, அதே வலையமைப்பில் உள்ள மற்றொரு கணினியும் தொற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நீக்கிய பின் பழைய சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளிகளை அழித்துவிடுங்கள்; தொற்றிய நாளின் நிலைக்கு யாரேனும் திருப்பிவிட்டால் எல்லாம் வீண். மூன்று முறை ஆகிவிட்டதால், நான்காம் முறை ஸ்கேன் செய்ய வேண்டாம், மறுநிறுவல் செய்துவிடுங்கள்.

கேள்வி: தொழில்நுட்ப உதவி மையத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், என் கணினியில் வைரஸ் இருப்பதாகக் கூறி ஒரு செயலியை நிறுவச் செய்தார். ஒரு மணி நேரம் அவரே மவுஸை நகர்த்தினார். பிறகு ஐயம் வந்து ஸ்கேன் செய்தேன்; எதுவும் இல்லை என்கிறது. நான் பாதுகாப்பாக இருக்கிறேனா?

பதில்: இல்லை. முதலில் ஒன்று: இதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, பயிற்சி பெற்றவர்கள் அவசரத்தையும் அச்சத்தையும் மூட்டித்தான் இதைச் செய்கிறார்கள். ஸ்கேனர் சொன்னதும் பொய்யன்று. அவர் நிறுவச் செய்தது, அலுவலகங்களில் உண்மையான உதவிப் பணியாளர்கள் பயன்படுத்தும் தொலையணுகல் மென்பொருள். அதில் தீநிரல் எதுவும் இல்லை. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் சிக்கல். நீங்கள் இல்லாத வேளையிலும் நுழையும் வகையில் நிலையான கடவுச்சொல் ஒன்றை அவர் அதில் அமைத்திருக்கலாம். அப்படியானால் அது முழுமையான பின்வாசல், ஆனால் எந்த ஆண்டிவைரஸும் அதைப் பின்வாசல் என்று அழைக்காது.

கணினியை இப்போதே இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். வேறு கைபேசியிலிருந்து உங்கள் வங்கியை அழைத்து, நடந்ததைச் சொல்லி, கணக்கையும் அட்டைகளையும் தற்காலிகமாக முடக்கச் சொல்லுங்கள். பணம் போகவில்லை என்றாலும் சொல்லுங்கள். எண்ணை உங்கள் அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள், இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம், ஏனென்றால் போலி உதவி எண்களும் தேடலில் வருகின்றன. அந்த ஒரு மணி நேரத்தில் திரையில் எந்தெந்தக் கணக்குகள் திறந்திருந்தன என்று நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி, அவை அனைத்தின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். அழைப்பு வந்த எண், நேரம், அவர் நிறுவச் சொன்ன செயலியின் பெயர் ஆகியவற்றையும் அதே தாளில் குறித்துவைத்துக்கொண்டு, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். கணினியில் உள்ள தடயங்கள் தங்களுக்கு வேண்டுமா என்று அவர்களிடம் கேட்ட பிறகே மறுநிறுவல் செய்யுங்கள். இனிமேல் அந்த ஏமாற்றுக்காரர் மீண்டும் அழைத்து, முன்பு எடுத்த பணத்தைத் திருப்பித் தருவதாகவோ நீங்கள் தொடுத்த புகாரை விசாரிக்கும் அதிகாரி தாமே என்றோ சொல்லக்கூடும். பதில் பேசாமல் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த எண்ணையும் அதே தாளில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.